அம்மாவைக் கூட்டிட்டு வா

என் மகன் பிறந்தபோது எனக்குப் பதினாறு வயது முடிந்து நாலு மாதம். எழுபதுகளின் கடைசி. தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரி. எது என்று சொல்லப்போவதில்லை. அன்றைக்கு அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போது இருக்க மாட்டார்கள். இருப்பவர்களுக்கும் என்னை ஞாபகம் இருக்காது. எனக்குத்தான் ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கிறது.

பிரசவ அறையில் என்னோடு இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். மூவருமே என்னைவிடப் பெரியவர்கள். வலி வந்தால் நாலு பேரும்தான் கத்தினோம். அவர்கள் கத்தினால் நர்ஸ், “பொறுத்துக்கிடுங்கம்மா, இந்தா முடிஞ்சிரும்” என்பார். நான் கத்தினால், “ஏட்டி, அன்னைக்கு இனிச்சுது, இன்னைக்குக் கசக்குதோ?” என்பார். மற்ற மூன்று பேருக்கும் மட்டும் அன்றைக்குக் கசந்ததா என்று திருப்பிக் கேட்கிற வாய் எனக்கு இப்போது இருக்கிறது. அப்போது இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

டாக்டரம்மா வந்தார். மெதுவான குரல், சுத்தமான கை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைத் தவிர. துணைக்கு வந்திருந்த அடுத்த வீட்டு மதினியிடம்தான் பேசினார். “இதுக்கு என்ன வயசு?” என்றார். மதினி சொன்னாள். “ஏன் இப்படிப் பண்ணுதீங்க? இதுவே பிள்ளை. இது எப்படி ஒரு பிள்ளையை வளர்க்கும்?” என்றார். கன்று போட்ட மாட்டைப் பற்றி மாட்டு டாக்டர் விசாரிப்பாரே, அந்த மாதிரி. மதினி பாவம், என்னைக் கட்டிக்கொடுத்தவளே தான்தான் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். பால் கொடுப்பது எப்படி, தொப்புளைத் துடைப்பது எப்படி என்று எல்லாவற்றையும் டாக்டரம்மா மதினிக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். நான் கட்டிலில் படுத்தபடி, எட்டிக் கேட்டுக் கற்றுக்கொண்டேன்.

எனக்குச் சொந்த ஊர் வாசுதேவநல்லூர். பதிமூன்று வயதில் அம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். இரண்டு தம்பிகள். சின்னவனுக்கு அப்போது ஒன்றரை வயது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் சோறு பொங்கினேன், தண்ணீர் இறைத்தேன். ஒன்பதாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடம் நின்றது. சொந்தக்காரர்கள் அப்பாவை விடவில்லை. “தாயில்லாப் பிள்ளை, காலாகாலத்துல ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துரு” என்று வீடு தேடி வந்து சொன்னார்கள். அந்த ஒருத்தன் ஒரு மரலாரி டிரைவர், என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். புனலூரில் மரம் ஏற்றி செங்கோட்டை வழியாக வருவார். குற்றாலத்தில் ஒரு வரிசை வீட்டில் ஒற்றை அறை பிடித்து என்னைக் குடிவைத்தார். கெட்டவர் இல்லை. நல்லவரா என்று தெரிந்துகொள்கிற அளவுக்கு வீட்டில் இருந்ததில்லை, அவ்வளவுதான். மாமியாரும் முன்னாலேயே போய்விட்டார். மாமியார் இல்லாத வீடு கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள்.

குற்றாலத்தைச் சொர்க்கம் என்பார்கள் வெளியூர்க்காரர்கள். சீசன் முடிந்த குற்றாலத்தில் அவர்கள் இருந்து பார்த்ததில்லை. கடைகள் எல்லாம் தட்டி கட்டி மூடிக்கிடக்கும். குரங்குகள் தின்னக் கொடுக்க ஆளில்லாமல் வீட்டுக்குள் வந்து அடுப்படியைப் பார்க்கும். நாலு நாளைக்கு ஒருமுறை, சில சமயம் ஒரு வாரத்துக்கு ஒருமுறை லாரிச் சத்தம் வாசலில் கேட்கும். நடுவில் நானும் பிள்ளையும்தான். மதினிக்கு அவள் பாடே பெரும்பாடு, ஆறு பிள்ளைகள். நான் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள் பேச வராத அந்தப் பயல்தான். சாயங்காலம் ஆனால் காரணமில்லாமல் அழுகை வரும். அழுது முடித்து விளக்கேற்றுவேன்.

குற்றாலத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் தாய் சேய் நல விடுதி இருந்தது. புதன்கிழமை பிள்ளைகளை நிறுத்துப் பார்த்து முத்தடுப்பு ஊசி போடுவார்கள். மகனுக்கு மூன்று மாதம் ஆனபோது, கார்த்திகை மாசம், முதல் ஊசிக்குப் போனேன். அடைமழை. என்னிடம் இருந்தது நாலு சேலை, நாலும் கொடியில் ஈரத்தோடு நாறிக்கொண்டிருந்தன. டிரங்குப் பெட்டியில் கல்யாணத்துக்கு முன்னால் கட்டின பாவாடை தாவணி கிடந்தது. அதைக் கட்டிக்கொண்டேன். தாலி ரவிக்கைக்குள்ளே இருந்தது. பிரசவத்தில் கால் வீங்கிக் கழற்றின மெட்டியை நான் இன்னும் திரும்பப் போடவில்லை, போடச் சொல்லவும் யாருமில்லை.

பெஞ்சில் எனக்கு முன்னால் இலத்தூர்க்காரப் பெண் ஒருத்தி. என்னைவிட ஒரு வயது கூட இருப்பாள். அவள் முறை வந்தது. பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கும்போது தலை லேசாகத் தொங்கிவிட்டது. அந்த விடுதி நர்ஸம்மா பிடித்துக்கொண்டார். “ஏட்டி, தலையப் பிடி. பச்சப் பிள்ளையை இப்படியா தூக்குவாவ? வீட்ல பெரிய ஆளு யாரும் கிடையாதா? பெத்துப்போட்டா மட்டும் போதுமா?” என்றார். ஊசி போட்டதும் பிள்ளை கத்தியது, அவளும் கூடச் சேர்ந்து அழுதாள். நர்ஸம்மா என் பக்கம் திரும்பி, “ரெண்டு பிள்ளை அழுதுது, எதைச் சமாதானப்படுத்த?” என்று சிரித்தார்.

என்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்து நான் எழுந்து போனேன். அவர் என்னையும் தாவணியையும் பார்த்தார். குரல் அப்படியே மாறியது.

“தம்பியா பிள்ளே?”

எங்கள் பக்கத்தில் ‘பிள்ளே’ என்று கூப்பிடுவதில் ஒரு தடவிக்கொடுத்தல் உண்டு. அம்மா போன பிறகு என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. இல்லை, என் மகன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அடுத்த நொடி அந்த ‘பிள்ளே’, ‘ஏட்டி’ ஆகிவிடும் என்று தெரிந்தது.

“ஆமா, தம்பி” என்றேன்.

“அம்மா வரலியா?”

“வேலைக்குப் போயிருக்கா.”

“அம்மா பேரு சொல்லு, கார்டுல எழுதணும்.”

செத்துப்போன என் அம்மாவின் பெயரைச் சொன்னேன். வயது கேட்டார். முப்பத்தைந்து என்றேன், உயிரோடு இருந்திருந்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதையும் எழுதினார். நான் பிள்ளையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து, “எவ்வளவு பாந்தமா வச்சிருக்கா பாரு. கெட்டிக்காரி” என்று பக்கத்திலிருந்த ஆயாவிடம் சொன்னார். பிள்ளையை நான் எப்போதும் அப்படித்தான் பிடிப்பேன். பெற்றவளாகப் பிடித்திருந்தால் அது கடமை, அதில் ஏதாவது குறை இருக்கும். அக்காவாகப் பிடித்ததால் கெட்டிக்காரத்தனம் ஆகிவிட்டது.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு அந்தப் பொய்தான் போஜனம். அடுத்த புதன்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். ஊசிக்கு மாசம் ஒரு தடவை போனால் போதும். நான் நிறுத்துப் பார்க்கிறேன் என்று வாரா வாரம் போனேன். கால் வீக்கம் வடிந்ததைப் பார்த்து ஒருநாள் வீட்டுக்காரரே மெட்டியை எடுத்து மாட்டிவிட்டார். அதனால் புதன்கிழமை காலையில் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. புருஷன் உயிரோடு இருக்கும்போது மெட்டி கழற்றுவது சின்ன விஷயம் இல்லை. அதுவும் என் புருஷன் மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவர். ஆரியங்காவு வளைவுகளை நினைத்துக்கொண்டே கழற்றித் தாவணி முனையில் முடிந்துகொள்வேன். வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் போட்டுக்கொள்வேன். “என்னட்டி இது, புதன்கிழமையானா தாவணி வேஷம்?” என்று மதினி கேட்டாள். சேலை காயவில்லை என்றேன். பங்குனி வெயிலிலும் அதையேதான் சொன்னேன். அவளுக்கு மேலே கேட்க நேரமில்லை.

நர்ஸம்மாவுக்கு அப்போது நாற்பது இருக்கும். அம்பாசமுத்திரம் பக்கம். கல்யாணம் ஆகவில்லை, அதை யாரும் கேட்கவும் அவர் விடமாட்டார். கூட்டம் போன பிறகு என்னை உட்காரவைத்துப் பேசுவார். பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது, பருப்புத் தண்ணீர் எப்போது கொடுப்பது, எல்லாம் நிதானமாகச் சொல்லித் தருவார். டாக்டரம்மா என் தலைக்கு மேலே மதினியிடம் சொன்ன அதே விஷயங்களை இவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எத்தனாங் கிளாஸ் படிக்கிறாய் என்று கேட்டார். பத்து என்றேன். “புதன்கிழமை பள்ளிக்கூடம் இல்லையா?” என்றார். தம்பிக்காக லீவு என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது, என் மேல் இல்லை. “உங்க அம்மாவுக்கு உன் அருமை தெரியல பிள்ளே. பெத்தது அவ, சுமக்கது நீயா? ஒருநாளாவது அவளை இங்கன வரச் சொல்லு, நான் கேக்குதேன்” என்றார். எனக்காக ஒரு ஆள் என் அம்மாவோடு சண்டைக்கு நிற்கிறார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, செத்தவளைத் திட்டுவாங்க வைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அவர் அடிக்கடி சொல்வது இன்னொன்று. “பதினெட்டுக்கு முன்னாடி யாரு வந்து கேட்டாலும் கழுத்த நீட்டிராத. இங்கன வருதுகளே, பாக்கியா? தலை வாரத் தெரியாது, ஒரு பிள்ளை. மூக்கு சிந்தத் தெரியாது, ரெண்டாவது பிள்ளை. இதுகளுக்குச் சொல்லியும் பிரயோசனம் இல்ல, காதுல ஏறாது.” ரவிக்கைக்குள் தாலி உறுத்த உறுத்த நான் தலையாட்டுவேன். ஆட்டினது மட்டுமல்ல, சிரிப்பேன்.

ஒரு புதன்கிழமை அந்த இலத்தூர்ப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நர்ஸம்மா உள்ளே மருந்து எடுக்கப் போயிருந்தார். அவள் மெல்லிய குரலில், “உன் தம்பி அழவே மாட்டேங்கான். எம்பிள்ள பூரா நேரமும் அழுதான். பால் பத்தலியோ என்னவோ. நீ என்னட்டி செய்யுத?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். அவளைப் போலவே எனக்கும் முதல் இரண்டு மாதம் அதே பயம் இருந்தது, அது எப்படிப் போயிற்று என்று தெரியும். ஐந்து நிமிஷம் போதும் சொல்ல. சொன்னால் அக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாள்.

“வீட்ல பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வா. நர்ஸம்மா அவங்ககிட்ட சொல்லுவாங்க” என்றேன்.

டாக்டரம்மா குரலில் சொன்னேன். அதே மெதுவு, அதே சுத்தம். அந்தப் பெண் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். பிறகு என்னிடம் பேசவில்லை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி. ஒரு பதினாறு வயதுத் தாயைப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கோபம் வருகிறது. வரத்தான் வேண்டும். கட்டிக்கொடுத்தவனும் கட்டிக்கொண்டவனும் பெஞ்சில் வந்து உட்காருவதில்லை, அகப்படுவது நாங்கள்தான். இதெல்லாம் எனக்குப் பின்னால் விளங்கியது. ஆனால் அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் நான் பேசின பேச்சுக்கு எந்தப் பழமொழியும் துணைக்கு வராது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது புதுச் சங்கடம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது தாவணியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான். பசித்தால் மூக்கை என் நெஞ்சில் வைத்துத் தேய்ப்பான். அவன் அழுதால் எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனையும். தாவணியை இழுத்து இழுத்து மூடுவேன். கட்டடத்துக்குப் பின்னால் புளியமரத்தடிக்கு ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவேன். நர்ஸம்மா அதைப் பார்த்து வேறு மாதிரி புரிந்துகொண்டார். “பாவம், தாய்ப்பாலுக்கு ஏங்குதான். அவ வேலைக்குப் போற நேரம் என்ன குடுக்க?” என்று கேட்டார். அடுத்த வாரம் ஒரு கண்ணாடிப் பால்புட்டியும் ஒரு டின் பால்பவுடரும் கொண்டுவந்து கொடுத்தார். கொதித்த தண்ணீரில்தான் கலக்க வேண்டும், புட்டியையும் ரப்பரையும் தினமும் வேகவைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். “அம்மா வீட்ல இருக்க நேரம் புட்டி வேண்டாம், அவ பாலே குடிக்கட்டும்” என்றும் சொன்னார். அதையும் நான் கேட்டேன்.

புட்டி எனக்குத் தேவையில்லை. வீட்டில் பால் இருந்தது, அம்மாவும் இருந்தாள். ஆனால் அவன் புட்டிக்குப் பழகிவிட்டால் பெஞ்சில் என் தாவணியை இழுக்க மாட்டான். அதற்காகப் பழக்கினேன். முதலில் துப்பினான். பசிக்கவிட்டுக் கொடுத்தேன், குடித்தான். வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் கெட்டிக்காரப் பிள்ளையாக உட்கார்ந்திருப்பதற்காக என் மகனை என் மாரிலிருந்து நானே பிரித்தேன். இரண்டு மாதத்தில் எனக்குப் பால் குறைந்தது. அவன் புட்டியைப் பிடித்துக் குடிப்பதைப் பார்த்து நர்ஸம்மா கைதட்டினார்.

ஆனியில் சீசன் வந்தது. ஊர் நிறைந்தது. எங்கள் வரிசை வீட்டு வாசல் வரைக்கும் ஆட்கள், பலாச்சுளைக் குப்பை, ஈ. குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தது. மண்ணெண்ணெய் தீர்ந்துபோய் ஒருநாள், ஒரே ஒருநாள், தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் பவுடரைக் கலக்கினேன். மறுநாள் விடிந்ததிலிருந்து பிள்ளைக்கு வயிற்றோட்டம். புட்டியைக் கொடுத்தேன், வாந்தி. பத்து மணிக்குள் எட்டு தடவை போய்விட்டது. கண் உள்ளே போய்விட்டது. உச்சிக்குழி அமுங்கிக்கிடந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை. வீட்டுக்காரர் புனலூரில். மதினி தன் பிள்ளைகளோடு அருவியோரம் கடை போட்டிருந்தாள். புதன்கிழமைகூட இல்லை அன்றைக்கு. கையில் கிடைத்த தாவணியைச் சுற்றிக்கொண்டேன். அந்தப் பதற்றத்திலும் மெட்டியைக் கழற்றி முடிந்திருக்கிறேன், பாருங்கள்.

நர்ஸம்மா பிள்ளையைப் பார்த்ததும் வேறு பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். அது மெதுவாகத்தான் படிந்தது. “எப்பலேருந்து ஒண்ணுக்குப் போகல?” என்றார். காலையிலிருந்து என்றேன். ஆயாவை உப்பும் சர்க்கரையும் ஆறின தண்ணீரும் எடுத்துவரச் சொன்னார்.

“இங்க பாரு பிள்ளே. இவனுக்கு இப்ப தாய்ப்பால் வேணும். இந்தத் தண்ணியும் தாய்ப்பாலும்தான் மருந்து. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுக்குப் போகலன்னா தென்காசிக்குத் தூக்கிட்டு ஓடணும். பிள்ளை இங்கன இருக்கட்டும். நீ ஓடிப் போய் உங்க அம்மாவைக் கூட்டிட்டு வா. எங்க வேலைக்குப் போயிருந்தாலும் சரி, கையோட கூட்டிட்டு வா.”

நான் அசையாமல் நின்றேன்.

“போ பிள்ளே. நிக்காத.”

வெளியே வந்தேன். ரோட்டில் ஐந்தருவிக்குப் போகிற டூரிஸ்ட் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. உள்ளே ஆட்கள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். சாரல் முகத்தில் அடித்தது. எந்த அம்மாவைக் கூட்டி வருவது? ஒருத்தி போய் நாலு வருஷம். இன்னொருத்தியைத்தான் கூட்டி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே போனால் பிள்ளை பிழைப்பான், என்னைப் பிள்ளே என்று கூப்பிட இந்த உலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று யாரும் சொல்வார்கள். நான் யோசித்தேன். நாலைந்து பஸ் போகிற நேரம் யோசித்தேன். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

வாசல் தூணில் சாய்ந்து மெட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். தாலியை வெளியே இழுத்துவிட்டேன். உள்ளே போனேன்.

நர்ஸம்மா திரும்பாமலே ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். “கூட்டிட்டு வந்துட்டியா?”

“ஆமா.”

“எங்க?”

“நான்தான்.”

“விளையாடுத நேரமா இது?” என்று திரும்பினார். முதலில் என் கழுத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையை அவர் மடியிலிருந்து எடுத்து ரவிக்கையை அவிழ்த்தேன். பிள்ளைக்கு இழுக்கச் சக்தி இல்லை. முகத்தைத் தேய்த்துக்கொண்டே கிடந்தான். பிறகு பிடித்துக்கொண்டான். கொஞ்சம்தான் வந்தது, ஆனால் வந்தது. ஆயா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நர்ஸம்மா அவளை வெளியே போகச் சொன்னார்.

அப்படியே மத்தியானம் முழுவதும் இருந்தோம். கொஞ்சம் பால், பிறகு ஸ்பூனில் தண்ணீர், மறுபடி பால். சுவர்க் கடிகாரத்தை அவர் பார்ப்பார், அவர் பார்ப்பதை நான் பார்ப்பேன். ஒரு மணிக்கு மேல் அவர் வாய் திறந்தார்.

“என்ன வயசு?”

“பதினேழு.”

“கார்டுல எழுதியிருக்க பேரு?”

“எங்க அம்மா. செத்துட்டா.”

ஸ்பூன் அவர் கையில் அப்படியே நின்றது. பிறகு மறுபடி கொடுத்தார். இரண்டு மணி ஆயிற்று. “அந்தப் புட்டிய நான் வேலைக்குப் போறவளுக்குக் குடுத்தேன்” என்றார். “பால் இருக்கவளுக்கு நான் புட்டி குடுப்பேனா? இருபது வருசமா வேண்டாம் வேண்டாம்னு சொல்லுதவ நான். என் கையால குடுத்துருக்கேன்.” அவர் குரல் உடைந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அழ ஆரம்பித்தேன். அவர் என்னை அழ வேண்டாம் என்று சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். “ஏன் சொல்லல? ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்ல்லா.”

“சொல்லியிருந்தா எங்கிட்ட இப்படிப் பேசியிருப்பீங்களா?”

அவர் நேர்மையான மனுஷி. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும், “பேசாம என்ன, கண்டிப்பாப் பேசியிருப்பேன்” என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்தியிருப்பார்கள்.

“மாட்டேன்” என்றார்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் என் மடி சூடாக நனைந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவர் என் பாவாடையைத் தொட்டுப் பார்த்து, கையை முகர்ந்து, கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தார். பிறகு எழுந்து கார்டை எடுத்து, அம்மாவின் பெயரை அடித்துவிட்டு என் பெயரைக் கேட்டு எழுதினார். வயது பதினேழு என்றே எழுதினார். “ஓட்டம் நிக்க வரைக்கும் தினமும் கொண்டு வாங்க” என்றார். ‘வாங்க’ என்றார். அதைக் கேட்டபோது எனக்கு விளங்கிவிட்டது.

மகன் பிழைத்தான். புட்டியை உடைத்துப் போட்டேன், பால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அதற்குப் பிறகு சேலை கட்டிக்கொண்டு பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்தேன். என் முறை வரும்போது நர்ஸம்மா கூப்பிடுவார். திட்ட மாட்டார், ஏட்டி என்று சொல்ல மாட்டார். என்னை மட்டுமல்ல, சின்னப் பெண்கள் யாரையுமே அதற்குப் பிறகு அவர் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் ‘வாங்கம்மா, போங்கம்மா’ தான். தேவையானதைத் தேவையான அளவுக்குச் சொல்வார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கூட்டம் போன பிறகு அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. வீட்டுக்குப் போகிற வழி அப்போதுதான் நீளமாகத் தெரிந்தது.

மகனுக்கு ஒன்றரை வயதில் கடைசி ஊசி. அந்தக் கட்டடத்துக்கு அதற்கு மேல் எனக்கு வேலை இல்லை. ஊசி போட்டுவிட்டு நர்ஸம்மா அவன் தொடையைத் தேய்த்துவிட்டார். அவன் அழுகையை மாற்ற முகத்துக்கு நேரே குனிந்து, என்னைப் பார்க்காமல், அவனிடம் கேட்டார்.

“ஏலே, உன் அக்கா எங்கலே? அந்தப் பிள்ளையப் பாத்து எவ்வளவு நாளாச்சு.”

“அவ இனிமே வரமாட்டா” என்றேன்.

“தெரியும்” என்றார் நர்ஸம்மா. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்.